சிறுநீரகக் கட்டி நோயாளிகளுக்கான செவிலியர் பராமரிப்பு

சிறுநீரகக் கட்டி என்பது ஒரு தனி நோயின் பெயர் அன்று. சிறுநீரகத்தின் திசுவில் இயல்புக்கு மாறாகத் தோன்றும் எந்தத் திரட்சிக்கும் இந்தப் பெயர் பொருந்தும். தெளிந்த நீர் நிறைந்த சாதாரண நீர்க்கட்டியும் இதில் அடங்கும். உயிரைப் பறிக்கக்கூடிய புற்றுநோயும் அடங்கும். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் இந்தச் சொல் இடம்பெற்ற நாளிலிருந்து நோயாளி ஒரு நீண்ட பாதையில் நடக்க வேண்டியிருக்கிறது. பரிசோதனைகள், முடிவெடுத்தல், அறுவை அல்லது காத்திருப்பு, மருந்துகள், வீடு திரும்புதல், ஆண்டுக்கணக்கான தொடர் பரிசோதனை என்று நீளும் இந்தப் பாதையின் எல்லாக் கட்டங்களிலும் உடனிருப்பவர் செவிலியர். கட்டியை அகற்றுவது அறுவை மருத்துவரின் பொறுப்பு. எஞ்சியிருக்கும் சிறுநீரகத்தைக் காப்பதில் பெரும்பங்கு செவிலியருடையது. பராமரிப்பின் ஒவ்வொரு படியையும் இந்த நோக்கில் பார்த்தால் அதன் காரணம் விளங்கும்.

கட்டியின் வகைகள்

பெரியவர்களின் சிறுநீரகத்தில் மிக அதிகமாகக் காணப்படுவது எளிய நீர்க்கட்டி. வயது கூடக்கூட இது பலருக்கும் தோன்றும். பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. நீர்க்கட்டிகளின் சுவர், உள்தடுப்புகள், சாயம் ஏற்கும் தன்மை ஆகியவற்றை வைத்து அவற்றைத் தரம் பிரிக்கும் முறையை அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் மார்ட்டன் பாஸ்னியாக் 1986இல் வகுத்தார். அதன்படி முதல் இரண்டு வகைகளுக்குத் தொடர் பரிசோதனை தேவையில்லை. நான்காம் வகை பெரும்பாலும் புற்றுநோயாகவே இருக்கும்.

திடக்கட்டிகளில் தீங்கற்றவையும் உண்டு. ரத்தக்குழாய், தசை, கொழுப்பு ஆகிய மூன்றும் கலந்து உருவாகும் ஆஞ்சியோமயோலிப்போமா அவற்றுள் ஒன்று. 4 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால் இது திடீரென உடைந்து வயிற்றுக்குள் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. கர்ப்ப காலத்தில் இந்த ஆபத்து கூடும். ஆங்கோசைட்டோமா என்னும் மற்றொரு தீங்கற்ற கட்டி ஸ்கேனில் புற்றுநோயைப் போலவே தோன்றும். காசநோய், சீழ்க்கட்டி, கல்லடைப்பைத் தொடர்ந்த நாள்பட்ட தொற்று ஆகியவையும் கட்டியின் தோற்றம் தரலாம்.

புற்றுக்கட்டிகளில் முதலிடம் சிறுநீரகச் செல் புற்றுநோய்க்கு. அதிலும் பத்தில் ஏழு அளவுக்குத் தெளிசெல் வகையாகும். இந்தப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு வருகிறது. புகைபிடித்தல், உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம், நீண்டகால டயாலிசிஸ் ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. வான் ஹிப்பல்–லிண்டாவ் நோய் போன்ற மரபுக் குறைபாடு உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே இரு சிறுநீரகங்களிலும் கட்டிகள் வரலாம்.

கட்டியின் அளவு சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. சிறுநீரகத்துக்குள் அடங்கிய 7 செ.மீ. வரையான புற்றுக்கட்டி முதல் நிலையில் சேரும். அதிலும் 4 செ.மீ.க்கு உட்பட்ட சிறிய திடக்கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தீங்கற்றது. இந்த உண்மை நோயாளியிடம் பேசும் செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அறிகுறிகளும் முதல் மதிப்பீடும்

சிறுநீரில் ரத்தம், விலாப்பக்க வலி, கையில் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றும் இந்நோயின் அடையாளமாகப் பாடநூல்களில் நெடுங்காலம் சொல்லப்பட்டவை. இன்று மூன்றும் ஒன்றாகக் காணப்படுவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்ட கட்டிகள் வேறு காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில் தற்செயலாகவே கண்டுபிடிக்கப்படுகின்றன. வலியின்றிச் சிறுநீரில் ரத்தம் வந்து இரண்டொரு நாளில் தானாக நின்றுவிடுவது இந்நோயின் ஏமாற்றும் இயல்பு. தமிழ்நாட்டில் இதை உடல் சூடு என்று எண்ணி, இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டு விட்டுவிடுவோர் பலர். பெரியவர்களுக்குச் சிறுநீரில் ஒருமுறை ரத்தம் வந்தாலும் பரிசோதனை தேவை என்பதைப் புறநோயாளிப் பிரிவிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செவிலியர்கள் அழுத்திச் சொல்ல வேண்டும்.

சில அறிகுறிகள் சிறுநீரகத்துக்குத் தொடர்பில்லாதவை போலத் தோன்றும். காரணம் தெரியாத காய்ச்சல், எடைக்குறைவு, ரத்தசோகை, புதிதாக வந்த உயர் ரத்த அழுத்தம் ஆகியவை இவ்வகை. கட்டி சுரக்கும் பொருள்களால் ரத்தத்தில் கால்சியம் கூடினால் தாகம், மலச்சிக்கல், சோர்வு, மனக்குழப்பம் தோன்றும். ஆண்களுக்கு இடப்பக்க விதைப்பையில் புதிதாகப் புடைத்த சிரைகள் படுத்த பிறகும் வற்றாமல் இருந்தால் சிறுநீரகச் சிரையில் அடைப்பு இருக்கலாம். இரு கால்களும் வீங்கியிருந்தால் கட்டி கீழ்ப்பெருஞ்சிரைக்குள் வளர்ந்திருக்க வாய்ப்புண்டு.

வார்டில் சேரும் நோயாளியிடம் செவிலியர் திரட்டும் தகவல்கள் பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் அடித்தளம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா, ஒவ்வாமை, குடும்பத்தில் இந்நோய் இருந்ததா என்பவற்றுடன், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் கேட்டறிய வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள் இதில் முக்கியம். மருந்துக்கடையில் தாமாக வாங்கிய வலி மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் பலர் மருந்தாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே அவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். எடை, இரு கைகளிலும் ரத்த அழுத்தம், சிறுநீரின் நிறமும் அளவும், ரத்தத்தில் கிரியாட்டினின், ஹீமோகுளோபின் ஆகியவை அடிப்படைக் குறிப்புகள். மற்றொரு சிறுநீரகம் இருக்கிறதா, அது எப்படிச் செயல்படுகிறது என்பது வழக்குக்குறிப்பில் தெளிவாகப் பதியப்பட வேண்டும். பெரிய கட்டி உள்ளவரின் வயிற்றை மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பரிசோதனைக் காலப் பராமரிப்பு

கட்டியின் தன்மையை அறிய முதன்மையான பரிசோதனை சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். சாயம் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால், ஏற்கெனவே செயல் குன்றிய சிறுநீரகத்துக்கு அது சுமையாகலாம். பரிசோதனைக்கு முன் கிரியாட்டினின் அளவு கையில் இருக்க வேண்டும். நோயாளியின் உடலில் நீர்ச்சத்து குறைந்திருக்கக் கூடாது. முன்பு சாயத்தால் அரிப்பு, மூச்சுத்திணறல் வந்ததுண்டா என்று கேட்க வேண்டும். சிறுநீரகச் செயல்திறன் வெகுவாகக் குறைந்தவர்கள் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தி, 48 மணி நேரத்துக்குப் பின் சிறுநீரகச் செயல்பாட்டைச் சரிபார்த்தே மீண்டும் தொடங்குவர். சாயம் ஏறும்போது உடல் முழுதும் வெம்மை பரவுவதும் வாயில் உலோகச் சுவை தோன்றுவதும் இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் நோயாளி பதறமாட்டார்.

எல்லாக் கட்டிக்கும் பயாப்சி தேவைப்படுவதில்லை. தேவைப்படும்போது, ரத்த உறைவுப் பரிசோதனை முடிவு, ரத்த வகை, ஒப்புதல் படிவம் ஆகியவற்றைச் சரிபார்ப்பது செவிலியர் பணி. ஊசி செல்லும் நொடியில் மூச்சை அடக்கப் பழக்குவதும் உதவும். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுநீரகங்களுக்குச் செல்வதால், பயாப்சிக்குப் பின் கவனிக்க வேண்டிய முதல் ஆபத்து ரத்தக்கசிவு. முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து, பின் இடைவெளியைக் கூட்டுவது வழக்கம். நோயாளி சில மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை கழிக்கும் சிறுநீரையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் வரிசையாக வைத்தால் நிறம் வெளிறுகிறதா, சிவக்கிறதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். விலாவில் கூடிவரும் வலி, தோள்பட்டைக்குப் பரவும் வலி, வேகமான நாடி ஆகியவை உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அடையாளங்கள்.

நோயாளியின் மனநிலையும் குடும்பமும்

நோய் உறுதியாகும் வரையிலான காத்திருப்பு நோயாளிக்குக் கடினமான காலம். வலி எதுவும் இல்லாமல், வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்து இந்தச் செய்தியைப் பெற்றவருக்கு அதிர்ச்சி இன்னும் அதிகம். இரவில் தூக்கமின்றி இருப்பவர் மருத்துவரிடம் கேட்கத் தயங்கிய கேள்விகளை இரவுப்பணிச் செவிலியரிடம் கேட்பார். தெரிந்ததை எளிய தமிழில் சொல்வதும், தமக்குச் சொல்ல அதிகாரமில்லாததை மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாக உறுதியளித்து மறுநாள் அதை நிறைவேற்றுவதும் நம்பிக்கையை வளர்க்கும்.

தமிழ்க் குடும்பங்களில் புற்றுநோய்ச் செய்தியை நோயாளியிடம் மறைக்குமாறு மகனோ மகளோ கேட்டுக்கொள்வது பரவலாக நடப்பது. அது அன்பினால் எழும் வேண்டுகோள். அதைக் கடிந்து பேசுவதால் பயன் இல்லை. ஆனால் உறுப்பை இழக்கப்போகிறவருக்கு அதன் காரணத்தை அறியும் உரிமை உண்டு. அவர் அறியாமல் பெறும் ஒப்புதல் முறையான ஒப்புதல் ஆகாது. நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே மெதுவாகக் கேட்டு, குடும்பத்தாரையும் மருத்துவரையும் ஒன்றாக அமர்த்திப் பேச ஏற்பாடு செய்வதே நல்ல வழி. செலவு பற்றிய கவலையும் இக்கட்டத்தில் தலைதூக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் உதவி மையத்துக்கு வழிகாட்டுவதும் பராமரிப்பின் பகுதியே.

காத்திருந்து கண்காணித்தல்

சிறிய கட்டிகள் மெதுவாகவே வளர்கின்றன. ஆண்டுக்குச் சராசரியாக 3 மி.மீ. அளவே. வயது முதிர்ந்தோர், இதய நோய் உள்ளோர், ஒரே சிறுநீரகம் உள்ளோர் ஆகியோருக்கு அறுவையைத் தள்ளிவைத்துக் குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்துவருவது ஏற்கப்பட்ட சிகிச்சை முறை. ஆனால், வயிற்றில் கட்டியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறார்களே என்று குடும்பத்தார் கலங்குவர். இது கைவிடப்பட்ட நிலை அன்று, திட்டமிட்ட கண்காணிப்பு என்பதை விளக்க வேண்டும். அடுத்த ஸ்கேன் தேதியை எழுதிக் கொடுப்பதும், தவறியவரைத் தொலைபேசியில் அழைப்பதும் இம்முறையின் உயிர்நாடி. இந்தக் காலத்தில் புகையை நிறுத்துதல், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல் ஆகியவை இரு சிறுநீரகங்களையும் காக்கும். வாழைத்தண்டுச் சாறு போன்ற வீட்டு வைத்தியத்தால் கட்டி கரையாது என்பதைப் பணிவாகவும் தெளிவாகவும் சொல்ல வேண்டும்.

அறுவைக்கு முன்

அறுவை இருவகை. சிறுநீரகம் முழுவதையும் சுற்றியுள்ள கொழுப்புறையுடன் அகற்றுவது ஒன்று. கட்டியை மட்டும் விளிம்புடன் வெட்டியெடுத்து மற்றப் பகுதியை விட்டுவைப்பது மற்றொன்று. சிறிய கட்டிகளுக்கு இயன்றவரை இரண்டாவது முறையே விரும்பப்படுகிறது. 1990இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரால்ஃப் கிளேமன் குழுவினர் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி வழியே சிறுநீரகத்தை அகற்றிய பின் பெரிய வெட்டுக்காயம் தேவைப்படாத நிலை உருவானது. இன்று ரோபோ உதவியுடனும் செய்கிறார்கள். அறுவையின் வகை எதுவாயினும் முன்னேற்பாடுகள் ஏறத்தாழ ஒன்றே.

இவற்றுள் முதன்மையானது எந்தப் பக்கம் என்பதை உறுதிசெய்தல். சிறுநீரகம் இரட்டை உறுப்பு; தவறான பக்கத்தை அகற்றினால் அதற்கு ஈடே இல்லை. நோயாளியின் வாய்ச்சொல், ஒப்புதல் படிவம், ஸ்கேன் படம், உடலில் இட்ட குறி ஆகிய நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று செவிலியர் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இதையே வற்புறுத்துகிறது. ஐயம் எழுந்தால் பணியில் இளையவரான செவிலியரும் அறுவையை நிறுத்தக் கோரலாம், கோர வேண்டும்.

ரத்தம் ஏற்பாடு செய்தல், ரத்த உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்திய நாளைச் சரிபார்த்தல், திட உணவுக்கு 6 மணி நேரமும் தெளிந்த நீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி விடுதல் ஆகியவை வழக்கமான பணிகள். சர்க்கரை நோயாளியின் இன்சுலின் அளவைப் பட்டினி நேரத்துக்கேற்ப மாற்ற மருத்துவரின் குறிப்பு வாங்க வேண்டும். அறுவைக்குப் பின் விலாவில் வலி இருக்கும்போது கற்றுக்கொடுப்பது கடினம். ஆகவே ஆழ்ந்து மூச்சிழுத்தல், தலையணையை வயிற்றில் அணைத்து இருமுதல், பந்துக் கருவியில் ஊதியும் உறிஞ்சியும் பழகுதல், கால் அசைவுகள் ஆகியவற்றை முந்தைய நாளே செய்துகாட்டிப் பழக்க வேண்டும்.

அறுவை அரங்கில் நோயாளி பெரும்பாலும் ஒருக்களித்து வளைந்த நிலையில் மணிக்கணக்கில் படுத்திருப்பார். அக்குள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் மெத்தைத் திண்டுகள் வைக்காவிட்டால் நரம்பு அழுத்தத்தால் கை மரத்துப்போகலாம்; தோலிலும் புண் உண்டாகலாம். கட்டியை மட்டும் வெட்டியெடுக்கும்போது சிறுநீரகத் தமனியைத் தற்காலிகமாகக் கவ்வி நிறுத்துவர். அந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிவருவது அரங்கச் செவிலியரின் பணி; 25 முதல் 30 நிமிடங்களுக்குள் முடித்தால் எஞ்சும் திசுவுக்குச் சேதம் குறைவு.

அறுவைக்குப் பின்

முதல் 24 மணி நேரத்தில் செவிலியரின் கண் இரண்டு இடங்களில் ஊன்றியிருக்க வேண்டும்: ரத்தக்கசிவும் சிறுநீர் அளவும். ரத்த அழுத்தம் விழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அதற்கு முன்பே நாடி விரைவடையும், கை கால் சில்லிடும், நோயாளி அமைதியிழப்பார், வயிறு உப்பும். வடிகுழாய்ப் பையில் சிவப்பு திடீரெனக் கூடுவதும், கட்டுத்துணி நனைவதும் அடையாளங்கள். ஒருக்களித்துப் படுத்தவரின் முதுகுப்புறம் ரத்தம் வழிந்து தேங்கலாம் என்பதால் கட்டுத்துணியின் மேற்புறத்தை மட்டும் பார்த்தால் போதாது. கையை முதுகுக்கு அடியில் செலுத்தியும் பார்க்க வேண்டும்.

சிறுநீர் மணிக்கு ஒருமுறை அளக்கப்பட வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. என்பது குறைந்தபட்ச அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 30 மி.லி. இரண்டு மணி நேரம் தொடர்ந்து இதற்குக் கீழே வந்தால் முதலில் கதீட்டர் மடங்கியிருக்கிறதா, ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, பின் தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். உள்ளே செல்லும் நீரும் வெளியேறும் நீரும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் கூட்டிக் கணக்கிடப்பட வேண்டும். தினசரி ஒரே நேரத்தில் எடை பார்ப்பது உடலில் நீர் தேங்குவதைக் காட்டும். சிறுநீர் நன்றாக இறங்குவதை உறுதிசெய்யாமல் பொட்டாசியம் கலந்த டிரிப்ஸ் ஏற்றக் கூடாது. ஒரு சிறுநீரகம் முழுவதும் அகற்றப்பட்டவருக்குக் கிரியாட்டினின் ஓரளவு உயர்வது எதிர்பார்க்கத்தக்கது. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போவது எச்சரிக்கை.

சிறுநீரகத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களுக்குத் தனியான இரு சிக்கல்கள் உண்டு. தைத்த இடத்திலிருந்து சிறுநீர் கசிந்தால் வடிகுழாயில் வெளிறிய நீர் கூடிக்கொண்டே வரும்; அந்த நீரில் கிரியாட்டினின் அளவைப் பார்த்து உறுதிசெய்வர். வெட்டுப்பட்ட தமனியில் போலிப் புடைப்பு உருவாகி, வீட்டுக்குச் சென்ற பின்னரும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் சிறுநீரில் திடீரென ரத்தம் கொட்டலாம். டிஸ்சார்ஜ் நாளில் இந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் நோயாளியை அனுப்பக் கூடாது.

வலி தணிப்பு, நுரையீரல் பாதுகாப்பு இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. விலாவை ஒட்டிய வெட்டு உதரவிதானத்துக்கு அருகில் இருப்பதால் ஒவ்வொரு மூச்சும் வலிக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கி நிமோனியா வரும். ஆகவே வலியை 0 முதல் 10 வரை எண்ணால் கேட்டுப் பதிந்து, கேட்கும் முன்பே உரிய நேரத்தில் மருந்து தர வேண்டும். மருந்துத் தேர்விலும் சிறுநீரகமே அளவுகோல். பாராசிட்டமால், எபிடியூரல் அல்லது நரம்புச்சுற்று மரப்பு மருந்து ஆகியவை முன்னிலை பெறுகின்றன. டைக்குளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்கான ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் தவிர்க்கத்தக்கவை. மார்ஃபின், பெத்திடின் ஆகியவற்றின் கழிவுப்பொருள்கள் சிறுநீரகம் குன்றியவர் உடலில் தேங்கும்; எனவே மயக்கநிலையையும் மூச்சு எண்ணிக்கையையும் கூர்ந்து பார்க்க வேண்டும். லேப்ராஸ்கோப்பிக்குப் பின் தோள்பட்டையில் வரும் வலி, வயிற்றில் நிரப்பிய வாயுவால் விளைவது. ஓரிரு நாளில் அடங்கும். திடீர் மூச்சுத்திணறலும் ஒரு பக்கம் மூச்சொலி குறைவதும் தோன்றினால், அறுவையில் நுரையீரல் உறை கீறப்பட்டுக் காற்று புகுந்திருக்கலாம்.

குடல் அசைவு திரும்பும்வரை உப்புசமும் குமட்டலும் இருக்கும். இயன்றால் அறுவை நாள் மாலையிலோ மறுநாளோ நோயாளியை எழுப்பி உட்காரவைத்து, சில அடி நடக்கவைப்பது குடலுக்கும் நுரையீரலுக்கும் கால் ரத்தக்குழாய்களுக்கும் ஒருசேர நன்மை தரும். புற்றுநோயாளிகளுக்குக் கால் சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல். அழுத்தக் காலுறை, ஹெப்பாரின் வகை ஊசி, நடை ஆகியவை தடுப்பு வழிகள். எனாக்ஸாபாரின் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் செயல்திறன் குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். குறிப்பில் பழைய அளவே இருந்தால் செவிலியர் கேள்வி எழுப்ப வேண்டும். சிறுநீரகத்தோடு அட்ரீனல் சுரப்பியும் எடுக்கப்பட்டவருக்கு, குறிப்பாக மற்றைய சுரப்பியும் பழுதுற்றிருந்தால், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒருசேர வீழ்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கட்டியை எரித்தல், உறையவைத்தல், ரத்த ஓட்டத்தை அடைத்தல்

அறுவை தாங்காத சிலருக்குத் தோல் வழியே ஊசி செலுத்தி, வெப்பத்தாலோ கடுங்குளிராலோ கட்டியை அழிப்பர். ரத்தம் கசியும் கட்டிக்குத் தொடைத் தமனி வழியே குழாய் செலுத்தி ரத்த ஓட்டத்தை அடைப்பர். இதற்குப் பின் அந்தக் காலை மடக்காமல் சில மணி நேரம் நீட்டி வைத்திருக்க வேண்டும். ஊசியிட்ட இடத்தில் வீக்கமும், பாதத்தில் நாடியும் வெம்மையும் ஒவ்வொரு முறையும் பார்க்கப்பட வேண்டும். திசு மடிவதால் சில நாள்களுக்குக் காய்ச்சல், வலி, வாந்தி தோன்றலாம். இது எதிர்பார்த்ததே எனினும், குளிர்நடுக்கத்துடன் நீடிக்கும் காய்ச்சல் சீழ்பிடித்தலைக் குறிக்கலாம்.

மருந்துச் சிகிச்சையும் முற்றிய நோயும்

சிறுநீரகச் செல் புற்றுநோய் வழக்கமான கீமோதெரபிக்கு அநேகமாகப் பணிவதில்லை. செல்கள் ஆக்சிஜன் அளவை உணரும் விதத்தைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகியோருக்கு 2019இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த ஆய்வுக்களம் தெளிசெல் கட்டி ஏன் இவ்வளவு ரத்தக்குழாய்களை வளர்க்கிறது என்பதை விளக்கியது. 2006 முதல் புழக்கத்துக்கு வந்த சுனிட்டினிப் போன்ற மாத்திரைகள் புதிய ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கின்றன. 2015இல் நிவோலுமாப் வந்தபின் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் ஊசிகளும் சேர்ந்தன.

மாத்திரை வீட்டிலேயே விழுங்கப்படுவதால், பக்கவிளைவும் வீட்டிலேயே தோன்றும். எனவே கற்பித்தலே இங்குத் தலையாய செவிலியர் பணி. ரத்த அழுத்தம் சில நாள்களிலேயே எகிறலாம். வீட்டில் அளந்து நோட்டில் எழுதிவரப் பழக்க வேண்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வெடித்தால் யூரியா கலந்த களிம்பு, மென்மையான செருப்பு, சுடுநீரைத் தவிர்த்தல் உதவும். வாய்ப்புண் உள்ளவர்கள் காரத்தையும் புளிப்பையும் குறைத்துக் குழைந்த சாதம், கஞ்சி, மோர் எடுக்கலாம். தைராய்டு குறைவதால் வரும் சோர்வை நோயின் சோர்வு என்று விட்டுவிடக் கூடாது. பசோபனிப் மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். நோயெதிர்ப்பு ஊசி பெறுபவருக்கு வயிற்றுப்போக்கு, இருமல், மூச்சிரைப்பு, மஞ்சள்காமாலை எதுவந்தாலும் அது மருந்தின் விளைவாக இருக்கலாம். கடையில் மாத்திரை வாங்கி அடக்காமல் சிகிச்சை மையத்துக்கே தகவல் தர வேண்டும். ஊசி நின்று மாதங்கள் கழித்தும் இவை வரலாம்.

நோய் எலும்புக்குப் பரவியவருக்கு முதுகுவலியோடு கால் வலுவிழப்பும் சிறுநீர் அடைப்பும் தோன்றினால் தண்டுவடம் நசுங்குகிறது என்று கொண்டு உடனே செயல்பட வேண்டும்; மணிக்கணக்குத் தாமதமும் நடையைப் பறித்துவிடலாம். படுக்கையில் புரட்டும்போது எலும்பு முறியாதபடி கவனம் தேவை. குணமாகாத நிலையிலும் வலி, மூச்சுத்திணறல், மலச்சிக்கல், அச்சம் ஆகியவற்றைத் தணிப்பதில் செய்வதற்கு நிறைய இருக்கிறது. வலிதணிப்புப் பராமரிப்பைக் கடைசி நாள்களுக்கு ஒத்திவைக்காமல் முன்பே தொடங்குவது நோயாளிக்கு நன்மை.

குழந்தைகளின் சிறுநீரகக் கட்டி

குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகக் கட்டிகளில் மிகுதியானது வில்ம்ஸ் கட்டி. பெரும்பாலும் 5 வயதுக்குள் வருகிறது. குளிப்பாட்டும்போது வயிற்றின் ஒரு பக்கம் புடைத்திருப்பதைத் தாயே முதலில் கவனிப்பது உண்டு. இங்குச் செவிலியரின் முதல் விதி வயிற்றை அழுத்தாதிருத்தல். கட்டியின் உறை கிழிந்தால் செல்கள் வயிற்றறையில் சிதறி நோயின் நிலை உயர்ந்துவிடும். கட்டிலருகே எச்சரிக்கைப் பலகை வைத்து, குழந்தையைத் தூக்கும் விதத்தைப் பெற்றோருக்குக் காட்டி, ரத்த அழுத்தத்தை வயதுக்கேற்ற பட்டையால் அளக்க வேண்டும். அறுவையும் கீமோதெரபியும் சேர்ந்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமடைகின்றனர். வின்கிறிஸ்டின் மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் திசு வெந்துபோகும். தண்டுவட நீரில் தவறிச் செலுத்தினால் உயிர் போகும். எனவே இருவர் சரிபார்த்தே செலுத்த வேண்டும். இம்மருந்தால் வரும் மலச்சிக்கலையும் கவனிக்க வேண்டும்.

வீடு திரும்பலும் ஒற்றைச் சிறுநீரக வாழ்வும்

1869இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் குஸ்டாவ் சைமன், திட்டமிட்டு ஒரு சிறுநீரகத்தை அகற்றி, மனிதர் மற்றொன்றைக் கொண்டு வாழ முடியும் என்று காட்டினார். எஞ்சிய சிறுநீரகம் சற்றே பருத்துக் கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்கிறது. இந்தச் செய்தியே நோயாளிக்குப் பெரிய ஆறுதல். அதைக் காக்கும் முறைகளை, வீட்டில் சமைப்பவரையும் உடன் வைத்துக்கொண்டு, டிஸ்சார்ஜ் நாளுக்கு முன்பே சொல்லித்தர வேண்டும்.

நான்கு முதல் ஆறு வாரங்கள் குடம், மூட்டை, குழந்தை எதையும் தூக்கக் கூடாது, நடப்பது நல்லது. தையல் சிவத்தல், சீழ், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை உடனே வரவேண்டிய அறிகுறிகள். மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். உலோகப் பற்பங்கள் கலந்த மருந்துகளும் ஆபத்தானவை. எந்த மருத்துவரிடம் சென்றாலும், ஸ்கேனுக்குச் சாயம் செலுத்தும் முன்பும், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர் என்று சொல்லப் பழக்க வேண்டும். உணவில் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைக் குறைப்பது ரத்த அழுத்தத்துக்கு உகந்தது. செயல்திறன் இயல்பாக இருப்பவருக்குக் கடும் பத்தியம் தேவையில்லை. செயல்திறன் குறைந்து பொட்டாசியம் ஏறியவருக்கு இளநீரே தீங்காகும். எனவே ஒருவருக்குச் சொன்ன உணவு அறிவுரையை மற்றவருக்கு அப்படியே சொல்லக் கூடாது.

கட்டி மீண்டும் வருகிறதா என்பதற்கு மார்பு, வயிறு ஸ்கேன்களும், சிறுநீரகம் தளர்கிறதா என்பதற்குக் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் ஆண்டுக்கணக்கில் பார்க்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாசலுக்கு வரும் அந்தப் பணியாளரிடம் நோயாளி தம் அறுவை விவரத்தைச் சொல்லுமாறு டிஸ்சார்ஜ் செய்யும் செவிலியர் அறிவுறுத்தலாம்.

அறுவையால் கட்டி ஒரே நாளில் நீங்கிவிடலாம். சிறுநீரகத்தைக் காப்பதோ வாழ்நாள் முழுதும் நீளும் வேலை. மணிக்கு மணி அளந்த சிறுநீர், கேள்வி எழுப்பித் திருத்திய மருந்தளவு, வீட்டாருக்குப் புரியும்படி சொன்ன எச்சரிக்கை ஆகியவையே நோயாளியை டயாலிசிஸ் தேவைப்படாமல் காப்பவை. ஆகவே சிறுநீரக அறுவை நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இந்தப் பராமரிப்பில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர்கள் போதிய எண்ணிக்கையில் இருப்பது இன்றியமையாதது.